நீலத்தில் ஒட்டிய கதவு

ஜெர்மன் மொழியில் கதவு பெண். மேஜை ஆண். ஜன்னல் இரண்டும் இல்லை, அது பாட்டுக்கு நடுவில் நிற்கிறது. சாவி ஆண், ஆனால் அந்தச் சாவி நுழைகிற பூட்டு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு துண்டுச் சொல்லைச் சேர்க்க வேண்டும்: ஆணுக்கு டேர், பெண்ணுக்கு டீ, இரண்டிலும் சேராததற்கு டாஸ். எதற்கு எது என்பதில் நியாயம் தர்மம் எதுவும் கிடையாது. ஏன் என்று கேட்டால் எங்கள் டீச்சர் முறைப்பார். மனப்பாடம் பண்ண வந்தாயா, வழக்குப் போட வந்தாயா என்பார்.

அந்த மொழியில் சிறுமி கூட 'அது'தான். வளர்ந்து பெண்ணான பிறகுதான் 'அவள்' ஆகிறாள். என் விஷயம் தலைகீழ். பிறந்த வீட்டில் 'அவள்' என்றுதான் இருந்தேன். கல்யாணம் ஆன பிறகு 'அது' ஆனேன். என் கணவர் வெளியாட்களிடம் என்னைப் பற்றிப் பேசுவது அப்படித்தான். அது டூட்டிக்குப் போயிருக்கு. அதுக்கு என்ன தெரியும். அது சொன்னா நீங்க நம்பிடுவீங்களா. சிரித்துக்கொண்டே சொல்வார், கேட்பவர்களும் சிரிப்பார்கள்.

நான் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களின் வார்டில் நர்ஸ். கணவர் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறார். வண்டி நம்பர், கடைக் கண்ணாடி எழுத்து, லிஃப்டுக்குள் ஒட்டும் எச்சரிக்கை, எல்லாம் வண்ண ஷீட்டில் மிஷின் வைத்து வெட்டித் தருவார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அடிக்கிறவராக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லவாவது வசதியாக இருந்திருக்கும். இவர் செய்ததையெல்லாம் சொன்னால், இதுக்குப் போயா என்று என்னையே கேட்பார்கள். வார்டுக்குப் பொறுப்பாக என்னைப் போட்டபோது, வேறு ஆள் கிடைக்கலை போலிருக்கு என்று வந்த விருந்தாளிகளிடம் சொன்னார். நான் பேசும்போது என் வாயை மாதிரியே வாயைக் கோணிக் காட்டி மகளைச் சிரிக்க வைப்பார். ஊருக்குள் அவர் தங்கமான மனிதர்.

ஒருநாள் நைட் டூட்டி முடிந்து வந்து படுத்திருந்தேன். வாசலில் யாரோ என்னைத் தேடி வந்தார்கள். எட்டு வயது மகள் கதவைத் திறந்து சொன்னாள்: "அது தூங்குது. அப்புறமா வாங்க."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவளைத் திட்டவில்லை, காதில் விழுவதைத்தானே பிள்ளை பேசும். அந்த வாரமே, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்களை அனுப்புகிற ஏஜென்ட்டிடம் போய்ப் பெயர் கொடுத்தேன். ஜெர்மன் பரீட்சையில் தேறினால் வேலை. மகளையும் கூட அழைத்துப் போகலாம், அதற்கு அப்பாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும், சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். எனக்கு அந்த நாட்டின் மேல் ஆசை ஒன்றும் இல்லை. அங்கே என்ன குளிர் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. என் பிள்ளை என்னை 'அது' என்று சொல்லி வளரக் கூடாது, அவ்வளவுதான்.

கணவர் குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. நல்லா படி என்றார். கையெழுத்து கேட்டதற்கு மட்டும், முதலில் தேறு, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். அதோடு, எனக்குப் பாடம் ஏறுவதற்கு அவரே ஒரு வழியும் சொன்னார். ஆண் பெயருக்கெல்லாம் நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளின் மேலும் அதன் ஜெர்மன் பெயரை அந்த நிறத்தில் வெட்டி ஒட்டிவிடலாம், போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. நான் புத்தகத்தைப் பார்த்துப் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவரே ஒட்டினார். கதவில் சிவப்பு, மேஜையில் நீலம், ஜன்னலில் பச்சை. ஒட்டி முடித்ததும் புத்தகத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.

தெருவே வந்து பார்த்தது. பெண்டாட்டி முன்னுக்கு வர ஒரு மனுஷன் இப்படிப் பாடுபடுவாரா என்று அக்கம்பக்கத்தில் உருகினார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் போனில் படம் காட்டினார். உருகாதவர் என் நாத்தனார் ஒருவர்தான். கணவரின் அக்கா. கட்டினவனோடு ஒத்துவராமல் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர், எங்கள் ஹாலில் தைத்து ஹாலிலேயே படுப்பவர். எனக்கும் அவருக்கும் என்றைக்கும் ஆகாது. வீடு பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவர் மாதிரி ஆகிவிட்டது என்றார். தன் தையல் மிஷின் மேல் ஒன்றும் ஒட்டக் கூடாது என்று தம்பியை விரட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரிப் பாடத்தைப் புத்தகத்தில் படித்தேன், டூட்டி ரூமில், பஸ்ஸில். வீட்டுப் பாடத்தைச் சுவரில் படித்தேன். பல் தேய்க்கும்போது கண்ணாடி, வாளி, சோப்பு. சமைக்கும்போது கத்தி, தட்டு, அலமாரி. வீட்டில் புத்தகத்தைத் திறக்க எனக்கு ஏது நேரம்? ஆவி பட்டும் தண்ணீர் பட்டும் சில ஸ்டிக்கர்கள் ஓரம் எழும்பின. அவர் சும்மா இருக்கவில்லை, எழும்பினதை உரித்துவிட்டுக் கடையில் இருந்து புதிதாக வெட்டி வந்து ஒட்டினார். நான் நன்றி கூடச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் பரீட்சையில் தோற்றேன். காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் நல்ல மார்க். படித்துப் புரிந்துகொள்வதிலும் நல்ல மார்க். எழுத்திலும் பேச்சிலும் மண்ணைக் கவ்வினேன். கணவர் தெருவுக்கெல்லாம் ஆறுதல் சொன்னார். பாவம், முயற்சி பண்ணுச்சு, மண்டைல ஏறலைன்னா என்ன செய்யும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அனுதாபம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். அதிலும் தவறினால் என் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

டீச்சர் வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் உட்காரச் சொன்னார். கடுகடுத்த பெண்மணி, யாரையும் தட்டிக்கொடுத்துப் பேசிப் பார்த்ததில்லை. வார்டைப் பற்றிச் சொல் என்றார். ஊசி, புண், கட்டு, காய்ச்சல், ரத்தம் என்று கடகடவென்று சொன்னேன். ஒன்றும் தவறவில்லை. உன் வீட்டைப் பற்றிச் சொல் என்றார். அதையும் கடகடவென்றுதான் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"மூணுல ஒண்ணு தப்பு," என்றார். "தெரியாம தப்பு பண்றவ தயங்குவா. நீ தயங்கவே இல்ல. இது யாரோ உனக்குச் சொல்லிக் குடுத்த தப்பு."

எங்கள் வார்டில் தையல் போட்ட இடங்களில் சீழ் வைக்க ஆரம்பித்தால், புண்ணைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டோம். எந்தக் கட்டிலில் தொடங்கியது, எந்தத் தட்டில் இருந்து போனது, யார் கை பட்டது என்று பின்னாலேயே போவோம். பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் போய்ப் பார்த்தேன். நான் புத்தகத்தில் படித்ததில் எல்லாம் சுத்தம். சுவரில் படித்ததில்தான் சீழ்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் புத்தகத்தை எடுத்தேன். கதவில் இருந்தே ஆரம்பித்தது. சிவப்பில் இருந்த கதவு இப்போது நீலத்தில் இருந்தது. அதை நீலத்தில் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டேன், முன்னால் சிவப்பாக இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. கத்தி பச்சையில் இருக்க வேண்டும், சிவப்பில் இருந்தது. கண்ணாடி, வாளி, தலையணை, போர்வை என்று நிறம் மாறிப் போயிருந்தன. எல்லாம் மாறியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அங்கொன்று இங்கொன்று, நல்லதோடு நல்லதாகக் கலந்து.

எனக்கு வேறு யார் மேல் சந்தேகம் வரும்? ஹாலில் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் முன்னால் போய் நின்றேன். வாழத் தெரியாமல் வந்தவர் என்னையும் வாழவிடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாரா என்று கேட்டேன். அதற்கு மேலும் கேட்டேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. கையில் இருந்த மடிப்பைத் தைத்து முடித்து, நூலை அறுத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எனக்கு ஒட்டினதைக் கிழிக்கத்தான் தெரியும். எழுத்து வெட்டுற மிஷின் என்கிட்டயா இருக்கு?"

கதவைத் திரும்பிப் பார்த்தேன். எழுத்துகள் நீல ஷீட்டில் வெட்டியவை. நிறத்தை மாற்ற வேண்டுமானால் பெயரையே புதிதாக வெட்ட வேண்டும். வெட்டும் மிஷின் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. புதிதாக வெட்டி வந்து ஒட்டினது யார் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று நன்றி சொன்னவளே நான்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

"பகல்ல வந்து மாத்துவான். நான் இங்கதான உக்காந்திருக்கேன்," என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். நீ என்னைக்கு என்கிட்ட வந்து ஒரு வார்த்தை நல்லபடியாப் பேசினே, நான் உனக்குச் சொல்ல என்றார். நியாயமான கேள்வி. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

இதுவரை என் கணவரை 'அவர்' என்று எழுதிவந்தேன். போதும். இனி அவன்.

அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் சண்டை போட்டால் என்ன ஆகும்? தவறுதலாக நிறம் மாறிவிட்டது என்பான், கண்கள் கலங்கும், தெரு அவன் பக்கம் நிற்கும். மகளுக்கான கையெழுத்து ஜென்மத்துக்கும் கிடைக்காது. நான் தேறுவேன் என்று தெரிந்தால் அவன் பேனாவையே தொட மாட்டான். தோற்பேன் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தால்தான் தொடுவான். அதனால் அவனுக்கு அந்த உறுதியைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அன்று முதல் வீட்டில் உரக்கப் படித்தேன். கதவைப் பார்த்து, நீலம், ஆண், டேர் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். கத்தியைக் கழுவும்போது பெண், பெண் என்றேன். அவன் பேப்பர் படித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான், கால் மட்டும் ஆடும். சில நாள் நானே கேட்பேன், இது சரிதானே என்று. சரிதான், நல்லாப் பிடிச்சிட்டே என்பான். வெளியே போய் பஸ்ஸில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வாயைக் கழுவிக்கொள்வேன். வாய் ஒன்று சொல்ல மனம் ஒன்று சொல்வது லேசான வேலை இல்லை. பரீட்சையில் எது முந்திக்கொண்டு வருமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கையெழுத்தை அவன் நண்பர்கள் இருக்கும்போது கேட்டேன், அவன் கடையிலேயே. மகளின் காகிதம் இல்லாமல் பரீட்சைக்கே உட்கார விட மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொன்னதாகச் சொன்னேன். அது பொய். நண்பர்கள் அவனைப் பார்த்தார்கள். தங்கமான மனிதன் என்ன செய்வான்? "பாஸானாத்தான இந்தப் பேப்பருக்கு வேலை," என்று சிரித்தான். "அதோட ஆசையை நான் ஏன் கெடுக்கணும்?" வண்டி நம்பர் ஷீட்டுகளைத் தள்ளிவிட்டு, மிஷின் மேலேயே காகிதத்தை வைத்து, நீளமாக, அழகாக, கொக்கி போட்டுக் கையெழுத்துப் போட்டான்.

சாட்சிக்கு நாத்தனாரிடம் போனேன். காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நீ போயிட்டா உங்க ஜன்னல் வெச்ச ரூம் எனக்கு. தம்பி ஹால்ல படுத்துக்கட்டும்."

"எடுத்துக்கங்க."

"வாய மூடிட்டு இருக்கேன். உனக்காக இல்ல, ரூமுக்காக." போட்டுக் கொடுத்தார். அன்றே காகிதத்தை ஏஜென்ட் ஆபீஸில் சேர்த்துவிட்டு வந்தேன்.

பரீட்சையில் பேச்சுக்கு ஒரு படம் கொடுத்தார்கள். தனியாக வாழும் ஒரு முதிய நோயாளியின் அறை. எங்கே தடுக்கி விழுவார், எதை எங்கே நகர்த்த வேண்டும் என்று சொல்ல வேண்டும். கட்டில், போர்வை, வாளி, கண்ணாடி, கதவு, எல்லாம் என் வீட்டுச் சாமான்களாக வந்து உட்கார்ந்திருந்தன. கதவில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குள் நீலம்தான் வந்தது. அந்த நீலத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துக் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டிய கை வந்தது. உடனே உடம்பெல்லாம் பற்றியது. சிவப்பு என்றேன் மனதுக்குள். டீ என்றேன் வாய்விட்டு. அதன் பிறகு தடையே இல்லை. அவன் மாற்றிய ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாக நினைவிருந்தது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோபம் இருந்தது. அவன் தொடாத பெயர்களில்தான் ஒன்றிரண்டு தடுமாறினேன்.

முடிவு போனில் வந்தது, ஒரு மாலையில். அவன் நண்பர்களோடு ஹாலில் இருந்தான். தேறிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பதில் அவன் கெட்டிக்காரன், ஆனாலும் காது சிவந்தது. நண்பர்கள் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் கையை இல்லை, அவன் கையை. எல்லாம் உன் ஸ்டிக்கர் செய்த வேலைடா என்று முதுகில் தட்டினார்கள். அவன் சிரித்தாக வேண்டியிருந்தது. சிரித்தான். அடுத்த வாரம் என்னோடு படித்த நர்ஸ்கள் கடைக்கே போய், எங்க வீட்டுக்கும் அதே மாதிரி செட் வேணும் அண்ணா என்று நிற்கப்போவது அவனுக்கு அப்போது தெரியாது.

எல்லோரும் போன பிறகு, மகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் காகிதத்தைக் கேட்டான். ஆபீஸில் இருக்கிறது என்றேன். திருப்பி வாங்க வேண்டும் என்றான். முடியாது, போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். சுவரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தபோது அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எப்பத் தெரியும்?"

"கையெழுத்துக்கு முன்னாடி."

பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் உண்மையைச் சொன்னான். குரலை உயர்த்தாமல், கணக்குச் சொல்வது போல.

"நான் தடுத்தேன்னு நாலு பேர் சொல்லக் கூடாது. நீயாத் தோத்திருக்கணும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றேன். "நான் பிடுங்கிட்டுப் போனேன்னு நாலு பேர் சொல்லக் கூடாது. நீங்களாக் குடுத்திருக்கணும். குடுத்துட்டீங்க."

ஹாலின் மூலையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. நாத்தனார் தையல் மிஷினை ஜன்னல் வைத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார், தம்பி வழியில் நின்றான், தள்ளு என்றார். அவன் தள்ளி நின்றான்.